வைஃபை பக்கத்தில் விதை முளைக்காதா?

டென்மார்க்கின் வடபகுதியில் யாலரூப் என்று ஒரு சிறிய ஊர். 2013-ல் அங்கே ஒன்பதாம் வகுப்பு படித்த ஐந்து மாணவிகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினால் மறுநாள் பாடத்தில் மனம் நிற்பதில்லையே, அது ஏன்? செல்போனிலிருந்து வரும் அலைதான் காரணமோ?

மூளையைச் சோதித்துப் பார்க்கப் பள்ளியில் கருவி கிடையாது. அதனால் விதைகளை எடுத்துக்கொண்டார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கிரெஸ் என்ற கீரையின் விதை அது. நனைத்துப் போட்டால் சீக்கிரம் முளைவிட்டுவிடும். ஓர் அறையில் ஆறு தட்டு, இன்னோர் அறையில் ஆறு தட்டு. இரண்டு அறைக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு வெளிச்சம். ஆனால் ஓர் அறையில் மட்டும், தட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு வைஃபை ரவுட்டர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ரவுட்டர் இல்லாத அறையில் கீரை பச்சைப்பசேலென்று நிற்கிறது. ரவுட்டர் இருந்த அறையில் பல விதைகள் வளரவே இல்லை. சில வாடிக் கிடந்தன. இரண்டு தட்டுகளையும் அருகருகே காட்டிய படம் சில வாரங்களில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. “விதைக்கே இந்தக் கதி என்றால் குழந்தைகளுக்கு?” என்று பெற்றோர் கேட்டார்கள்.

இந்த ஐந்து பேரையும் எனக்கு மிகவும் பிடிக்கும். பயந்தார்கள், ஆனால் பயத்தோடு நின்றுவிடவில்லை. சோதித்துப் பார்க்க வழி தேடினார்கள். அலை இருக்கும் இடத்தில் என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. அலை இல்லாத இடத்தையும் சேர்த்துப் பார்த்தார்களே, அதுதான் அறிவியலின் முதல் படி.

இரண்டாவது படி இன்னும் கடினம். இரண்டு அறைக்கும் இடையில் அலையைத் தவிர வேறு வித்தியாசமே இருக்கக் கூடாது. உங்கள் வீட்டு ரவுட்டரை இப்போது போய்த் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அதோடு இணைந்து ஓடும் லேப்டாப்பிலிருந்து வரும் காற்றும் சூடுதான். ஒரு தட்டில் மெல்லிய ஈரப் பஞ்சு மேல் கிடக்கும் விதைக்குப் பக்கத்தில் பகலும் இரவும் வெதுவெதுப்பான காற்று பட்டுக்கொண்டே இருந்தால் பஞ்சு காய்ந்துவிடும். பஞ்சு காய்ந்தால் முளையும் போய்விடும். அப்படியானால் விதையை வாட்டியது அலையா, சூடா? அந்தச் சோதனையிலிருந்து இதைச் சொல்ல முடியாது. எந்தத் தட்டு எந்த அறையிலிருந்து வந்தது என்பதும் பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு எண்ணும்போது, நாம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், நம் கண் நாம் எதிர்பார்க்கும் பக்கமே சாயும்.

இதை நீங்களே வீட்டில் இன்னும் சரியாகச் செய்யலாம். வெந்தயம் போதும், பச்சைப்பயறும் ஆகும். இரண்டு ரவுட்டர்கள் வேண்டும். உபயோகத்தில் இல்லாத பழையது ஒன்று சொந்தக்காரர் வீட்டில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் மின்சாரத்தில் செருகி ஓட விடுங்கள். ஒன்றில் மட்டும் வைஃபையை அணைக்க வேண்டும். பெட்டியை அணைத்துவிடக் கூடாது, இதுதான் முக்கியம். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போனால் அலையை மட்டும் நிறுத்தும் வசதி இருக்கும், பெரியவர்கள் யாராவது செய்து தருவார்கள். இப்போது இரண்டு பெட்டியும் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் ஒன்றிலிருந்துதான் அலை வரும். எதில் அலை என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. அக்காவோ சித்தப்பாவோ அதைக் காகிதத்தில் எழுதி, மடித்து, ஒட்டி வைத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு தட்டிலும் ஐம்பது விதை. எந்தத் தட்டு எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தண்ணீரை ஒரே கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். மூன்றாம் நாள் எத்தனை விதை முளைத்தது, ஏழாம் நாள் ஒவ்வொரு முளையும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளவுகோல் வைத்து எழுதுங்கள். எதை எண்ணப் போகிறோம் என்பதை விதை போடுவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு, நமக்குப் பிடித்த கணக்கைத் தேடி எடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அந்தக் காகிதத்தைப் பிரியுங்கள். பிறகு பெட்டிகளை இடம் மாற்றி வைத்து, புது விதையோடு முதலிலிருந்து இன்னொரு முறை செய்யுங்கள். ஒரே தடவை செய்து பார்த்ததை நம்பிவிடக் கூடாது. ஐம்பது விதையில் இந்தப் பக்கம் மூன்று அதிகமாக முளைப்பதும் அந்தப் பக்கம் மூன்று குறைவதும் எந்த அலையும் இல்லாமலே நடக்கும்.

சரி, வைஃபை அலை விதையை வாட்டும் என்ற பேச்சைக் கேட்டதுமே இயற்பியல் தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டார்களே, ஏன்? அதற்கு அலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

வைஃபை, செல்போன், வானொலி, சூரிய வெளிச்சம், எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிர் எல்லாம் ஒரே குடும்பம். எல்லாமே மின்காந்த அலைகள். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதில்தான் வேறுபாடு. வைஃபை அலை ஒரு நொடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிர்கிறது. கேட்டால் பெரிதாக இருக்கும். ஆனால் நாம் கண்ணால் பார்க்கும் வெளிச்சம் அதைவிட இரண்டு லட்சம் மடங்கு வேகமாக அதிர்கிறது. எக்ஸ் கதிரின் அதிர்வு அதற்கும் மேல். இந்த அலைகள் ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சுமந்து வருகின்றன. அதிர்வு கூடக்கூட ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆற்றல் கூடும். நம் உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏவை உடைத்துப் புற்றுநோய்க்கு வழி திறக்க, ஒரே பொட்டலத்தில் போதுமான ஆற்றல் இருக்க வேண்டும். எக்ஸ் கதிரில் அது இருக்கிறது. வெயிலில் வரும் புற ஊதாக் கதிரும் டிஎன்ஏவைச் சிதைக்கும். வைஃபையின் பொட்டலமோ சாதாரண வெளிச்சத்தின் பொட்டலத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. மாமரத்தில் காய் அடிக்க ஒரு கல் போதும். பஞ்சு உருண்டையை ஆயிரம் பேர் நாள் முழுக்க எறிந்தாலும் ஒரு காய்கூட விழாது.

இங்கே ஒரு கெட்டிக்காரக் கேள்வி வரும்: “மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே அலைதானே? அது சோற்றைச் சூடாக்குகிறதே?” உண்மைதான், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அலைதான். பொட்டலங்கள் சின்னதாக இருந்தாலும் ஏராளமாக வந்து குவிந்தால் பொருள் சூடாகும். அடுப்பில் சுமார் 800 வாட் அலை, இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, ஒரு கிண்ணத்தின் மேல் பாய்கிறது. ஆகவே எவ்வளவு வருகிறது என்பதை அளக்காமல் வைஃபை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அளந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2007 மே மாதம் பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி, ‘பனோரமா’ நிகழ்ச்சியில் பள்ளிகளின் வைஃபை பற்றி ஒரு படம் காட்டியது. நாரிச் நகரில் ஒரு பள்ளி வகுப்பறைக்குக் கருவியோடு போனார்கள். செல்போன் கோபுரத்திலிருந்து வருவதைவிட மூன்று மடங்கு அலை இந்த வகுப்பறையில் இருக்கிறது என்றார்கள். நாடே பதறியது. ஆனால் கோபுரத்தை எங்கே நின்று அளந்தார்கள்? நூறு மீட்டர் தள்ளி. வகுப்பறையில் வைஃபையோடு ஓடிய லேப்டாப்பை? ஒரு மீட்டரில். அலை மூலத்திலிருந்து விலக விலக அதன் வலிமை மளமளவென்று குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்று. பத்து மடங்கானால் நூறில் ஒன்று. நூறு மடங்கானால் பத்தாயிரத்தில் ஒன்று. இப்படி அளந்து இரண்டையும் ஒப்பிடுவது சரியே இல்லை. அந்த வகுப்பறை அளவுகூடப் பாதுகாப்பு வரம்பைவிடப் பல நூறு மடங்கு கீழேதான் இருந்தது. அறிவியலாளர்கள் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்பதை அந்தப் படம் தவறாகக் காட்டிவிட்டது என்ற புகாரைப் பிபிசியே அந்த ஆண்டு விசாரித்து ஒப்புக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை “பயப்படாதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகிவிடவில்லை. பள்ளிகளில் உண்மையாகவே பயன்படும் லேப்டாப்களையும் ரவுட்டர்களையும் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தது. 15 லேப்டாப்கள் வெளிவிட்ட அலை 5 முதல் 17 மில்லிவாட் வரை. அதாவது மிக அதிகமானதுகூட அந்த 800 வாட் அடுப்பில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். லேப்டாப்பிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் மிக அதிகமாகக் கிடைத்த அளவு ஒரு சதுர மீட்டருக்கு 22 மில்லிவாட். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10,000 மில்லிவாட். லேப்டாப் விடாமல் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் இந்த 22-ம் வரும். ஆறு பள்ளிகளின் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தபோது, பாட நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் லேப்டாப்கள் அலையை அனுப்பின. மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருந்தன. இந்த முடிவுகள் 2011-ல் வெளிவந்தன.

அப்படியானால் “வைஃபை இருந்தால் எனக்குத் தலை வலிக்கிறது” என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் வலி உண்மையான வலி. அவர்களைக் கேலி செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வலி இருக்கிறதா என்பதில் கேள்வியே இல்லை, அது எதிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் ரூபின் குழுவினர் இதைச் சோதித்து 2006-ல் எழுதினார்கள். செல்போன் அலை பட்டால் தலைவலி வரும் என்று சொன்ன 60 பேர், அப்படி ஒன்றும் இல்லாத 60 பேர். ஒவ்வொருவரையும் ஐம்பது நிமிடம் ஒரு கருவியோடு உட்கார வைத்தார்கள். சில தடவை கருவியில் அலை வந்தது. சில தடவை வெறும் கருவி. எப்போது எது என்று உட்கார்ந்தவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. அலை வந்தபோது, தலைவலிக்காரர்களில் நூற்றுக்கு 60 பேர் “வருகிறது” என்றார்கள். அலை வராதபோது? நூற்றுக்கு 63 பேர் “வருகிறது” என்றார்கள்! வெறும் கருவியோடு உட்கார்ந்தபோதும் சிலருக்குக் கடுமையான வலி வந்தது.

2013-ல் ரூபினும் மிக்கேல் விட்ஹோஃப்ட்டும் இன்னொன்று செய்தார்கள். 147 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைஃபை ஆபத்து பற்றிய தொலைக்காட்சிப் படத்தையும், மறு பாதிக்கு அதோடு தொடர்பில்லாத படத்தையும் காட்டினார்கள். பிறகு, “இதோ புதுவகை வைஃபை” என்று சொல்லிப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். அங்கே வைஃபையே கிடையாது. ஆனாலும் 82 பேருக்கு ஏதாவதொரு தொந்தரவு தெரிந்தது. அதிகம் அவதிப்பட்டவர்கள், ஆபத்துப் படத்தைப் பார்த்தவர்களில் முன்பே பதற்றக் குணம் உள்ளவர்கள். பயம் உடம்பில் வலியாக வரும். பரீட்சைக்கு முன் வயிறு கலக்குமே, அது உங்களுக்குத் தெரியாததா? தலைவலிக்காரருக்கு உதவ வேண்டும் என்றால் இதைத் தெரிந்துகொண்டுதான் உதவ முடியும். ரவுட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், தூக்கக் குறைவு, கண் கோளாறு மாதிரி உண்மையான காரணங்களை யாரும் தேட மாட்டார்கள்.

செல்போன் கொஞ்சம் வேறு விஷயம். அதைக் காதோடு ஒட்டி வைக்கிறோம். தூரம் குறைந்தால் வலிமை கூடும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் ஆராய்ச்சியாளர்கள் வைஃபையைவிட செல்போனைத்தான் கூர்ந்து கவனிக்கிறார்கள். 2011-ல் பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் வரவைக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தது. செல்போனில் மிக அதிகமாகப் பேசியவர்களுக்கு மூளைக் கட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டின, சில காட்டவில்லை. ஆதாரம் அரைகுறையாக இருக்கிறது, ஒதுக்கிவிடவும் முடியவில்லை என்னும்போது வைக்கும் இடம் அது. கிழக்காசிய முறைக் காய்கறி ஊறுகாயும் முழுக் கற்றாழை இலைச் சாறும்கூட அதே வகையில்தான் இருக்கின்றன.

அதன் பிறகு ஆய்வுகள் நிற்கவில்லை. இளையவர்களுக்காகவே ‘மோபி கிட்ஸ்’ என்று ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 14 நாடுகளில் நடந்தது. 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் மூளைக் கட்டி வந்த சுமார் 900 பேரையும், வராத சுமார் 1,900 பேரையும் ஒப்பிட்டார்கள். செல்போனால் கட்டி வந்ததாகத் தெரியவில்லை. 2024-ல், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளை மொத்தமாக அலசியவர்களும் மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றே எழுதினார்கள். ஆனால் பிரான்ஸ் 2015-ல் ஒரு சட்டம் போட்டு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் அவர்கள் இருக்கும் இடத்தில் வைஃபை வைக்கக் கூடாது என்றது. ஆதாரம் இல்லாவிட்டாலும் எச்சரிக்கையாக இருப்போம் என்ற எண்ணம். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தையே ஆபத்துக்கு ஆதாரமாகக் காட்டுபவர்களை ஏற்க முடியாது.

‘2.0’ படம் பார்த்தவர்கள் இந்நேரம் சிட்டுக்குருவியைப் பற்றிக் கேட்கக் காத்திருப்பீர்கள். செல்போன் கோபுரங்களால் குருவி அழிந்தது என்று நம் ஊரில் கேட்காத ஆள் இல்லை. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2020 அறிக்கை, நாடெங்கும் பறவை பார்ப்பவர்கள் பதிந்த குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டது. சிட்டுக்குருவி 25 ஆண்டுகளில் நாடு முழுக்க ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. சென்னை உட்படப் பெரிய நகரங்களில் மட்டும் குறைந்திருந்தது. கோபுர அலைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும், புதுக் கட்டடங்களில் கூடு கட்டப் பொந்து இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கோபுரத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் பொந்து வைக்க யாருக்கும் தோன்றாது.

தவறான பயம் மனிதர்களையும் காயப்படுத்தியிருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது, அதற்கு 5ஜி அலைதான் காரணம் என்று ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. வைரஸ் எங்கே, ரேடியோ அலை எங்கே! பிரிட்டனில் பல கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் ஒன்று, பர்மிங்காமில் கொரோனா நோயாளிகளுக்காக அவசரமாக அமைத்த மருத்துவமனைக்குத் தொடர்பு தந்த கோபுரம். உறவினர்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியாத நாட்கள் அவை. செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது ஒன்றுதான் வழியாக இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்நாட்டின் அலைவரிசைக் கட்டுப்பாட்டு அமைப்பு பத்து நகரங்களில் 5ஜி இருந்த 16 இடங்களை அளந்து, எல்லா அலையும் சேர்ந்தே வரம்பில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் எங்கும் போகவில்லை என்று சொல்லியிருந்தது.

கோபுரத்தைத் தூரத் துரத்தினால் நம் தலைக்கு வரும் அலை குறையும் என்றும் நினைக்காதீர்கள். சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்தில்தான் செல்போன் தன் அலையை வலுவாக்கிக் கொள்கிறது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் அது மெல்லிய அலையோடு வேலையை முடித்துவிடும். ஆகவே லிஃப்டுக்குள்ளோ சிக்னல் இல்லாத மூலையிலோ நின்று நீண்ட நேரம் காதில் வைத்துப் பேச வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டு அரை மீட்டர் தள்ளி வைத்தாலே அளவு பெருமளவு குறைந்துவிடும். இரவில் தலைமாட்டில் வைக்க வேண்டாம் என்று நானும் சொல்வேன்; அலைக்காக இல்லை, நடு இரவில் வரும் செய்தி உங்களை எழுப்பிவிடும் என்பதற்காக.

இந்தியா 2012 செப்டம்பரிலிருந்து கோபுரங்களுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக வைத்தது. உங்கள் தெருக் கோபுரத்தைப் பற்றிக் கவலை இருந்தால் கேட்க இடம் உண்டு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017-ல் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் உங்கள் பகுதிக் கோபுரங்களைத் தேடலாம். கட்டணம் கட்டி அளந்து தரச் சொல்லவும் முடியும்.

செல்போனுக்கும் வரம்பு உண்டு. ஒரு கிலோ உடல் திசு உறிஞ்சும் அலை ஆற்றல் 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டு செல்போனில் அது எவ்வளவு என்று பார்க்க, எண்களை அழுத்தும் இடத்தில் *#07# என்று அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் உடனே தெரியும். அம்மா போனில் எவ்வளவு, தாத்தா போனில் எவ்வளவு என்று எழுதி வைத்து 1.6-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண், போன் முழு வலிமையில் ஓடும்போது ஆய்வகத்தில் எடுத்தது. சாதாரணமாகப் பேசும்போது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.